ரைட் சகோதரர்கள் இஞ்சின் தேடிய கதை



ஆகாய விமானத்தை முதன்முதலில் ஓட்டியவர்கள் யார் என்று கேட்டால், நம் பிள்ளைகள் உடனே 'ரைட் சகோதரர்கள்' என்று சொல்லிவிடுவார்கள். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் என்று தேதியையும் சேர்த்துச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் அந்த விமானத்திற்கு இஞ்சின் எங்கிருந்து வந்தது, அதைச் செய்தவர் யார் என்று கேட்டால், பெரியவர்களாகிய நாமும் சற்றுத் தயங்குவோம். இன்றைய பேச்சில் அந்த இஞ்சினின் வரலாற்றைத்தான் நாம் காணப்போகிறோம்.

வில்பர் ரைட், ஓர்வில் ரைட் என்ற அந்த இருவரும் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். சைக்கிள் பழுது பார்ப்பது, விற்பது, தாங்களே சைக்கிள் செய்வது ஆகியவையே அவர்களுடைய தொழில். இருவருமே உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெறாதவர்கள். அரசாங்கம் அவர்களுக்குப் பணம் தரவில்லை. கடையில் வந்த வருமானத்தில் மிச்சம் பிடித்த காசுதான் அவர்களுடைய முதலீடு. அவர்கள் கட்டிய விமானம், மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை என்று அமைந்த ஈரடுக்கு இறக்கை விமானம். மரச்சட்டம், துணி, இழுத்துக் கட்டிய கம்பி இவற்றால் ஆனது.

அவர்களுக்கு முன்பே பறக்க முயன்றவர்கள் பலர். அவர்களில் சிலர், 'பெரிய இஞ்சின் கிடைத்துவிட்டால் போதும், பறந்துவிடலாம்' என்று எண்ணினார்கள். இங்கிலாந்தில் ஹைரம் மாக்சிம் என்பவர் 1894-இல் மூன்றரை டன் எடையுள்ள ஒரு பெரும் பறக்கும் இயந்திரத்தைக் கட்டினார். அதில் இரண்டு நீராவி இஞ்சின்கள். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 360 குதிரைச் சக்தி. அது தண்டவாளத்தின் மீது ஓடி, சிறிது மேலெழும்பி, காவல் சட்டத்தை முறித்துக்கொண்டு நின்றுபோயிற்று. மேலே எழும்பினாலும் அதைக் கட்டுப்படுத்தும் வழி சரியாக அமையவில்லை.

ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் என்பவர் வேறு வழியில் சென்றார். இஞ்சினே இல்லாமல், இறக்கைகளைக் கட்டிக்கொண்டு குன்றிலிருந்து காற்றில் மிதந்து பழகினார். 1896-இல் அப்படி மிதக்கையில் விழுந்து உயிர் நீத்தார். ரைட் சகோதரர்கள் லிலியந்தாலின் வழியையே பின்பற்றினார்கள். முதலில் காற்றில் விழாமல் மிதக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், இஞ்சின் அதற்குப் பிறகுதான் என்பது அவர்களுடைய முடிவு. 1900, 1901, 1902 ஆகிய மூன்று ஆண்டுகளும் அவர்கள் வட கரோலினா மாநிலத்துக் கடற்கரையில் கிட்டி ஹாக் என்ற காற்று வீசும் மணல்மேட்டுப் பகுதிக்குச் சென்று, இஞ்சின் இல்லாத மிதவை விமானங்களில் பழகினார்கள்.

இடையில் 1901-இல் தங்கள் கடையிலேயே ஒரு மரப்பெட்டி செய்தார்கள். 6 அடி நீளமுள்ள அந்தப் பெட்டிக்குள் விசிறியால் காற்றைச் செலுத்தி, சிறிய மாதிரி இறக்கைகளை ஒவ்வொன்றாக வைத்து, எந்த வடிவம் எவ்வளவு எடையைத் தூக்குகிறது என்று அளந்தார்கள். அளப்பதற்கான தராசை எதைக் கொண்டு செய்தார்கள் தெரியுமா? பழைய இரும்பு வாள் தகடும் சைக்கிள் சக்கரத்துக் கம்பியுமே அதற்குப் பயன்பட்டன! கையில் இருந்த பொருள்தான். ஆனால் அதிலிருந்து கிடைத்த கணக்கு, அக்காலத்தில் வேறு யாரிடமும் இல்லாத கணக்கு.

1902-ஆம் ஆண்டு இறுதியில் அவர்களால் காற்றில் மிதக்கவும் திரும்பவும் முடிந்தது. இனி இஞ்சின் வேண்டும். எப்படிப்பட்ட இஞ்சின்?

இங்கே நாம் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். நம் தோட்டத்துத் தொழிற்சாலையில் ஓடும் இஞ்சின் எவ்வளவு கனமாக இருந்தாலும் கவலை இல்லை. அதைச் சிமெண்டுத் தரையில் முடுக்கி வைத்துவிடுகிறோம். லாரியின் இஞ்சினைச் சக்கரங்கள் தாங்கிக்கொள்கின்றன. விமானத்தின் இஞ்சினோ மற்றச் சுமையைத் தூக்குவதோடு தன்னையும் தூக்கிக்கொள்ள வேண்டும். காண்டா கம்பில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்து வருபவரிடம், மூங்கிலுக்குப் பதிலாக இரும்புக் கம்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? கம்பு வலுவானதுதான். ஆனால் கம்பின் கனமே அவரை அழுத்திவிடும். விமான இஞ்சினின் சங்கடமும் அதுவே. சக்தி கூட வேண்டுமென்றால் கனம் கூடுகிறது. கனம் கூடினால் இன்னும் சக்தி வேண்டியிருக்கிறது.

ஆகவே, சகோதரர்கள் கடைத்தெருவுக்குப் போகுமுன் கணக்குப் போட்டார்கள். ஒருவர் படுத்தபடி ஓட்டும் விமானம். ஆளோடும் இஞ்சினோடும் சேர்த்து எடை ஏறக்குறைய 600 இராத்தல். தங்கள் இறக்கைகளின் கணக்குப்படி அதைக் காற்றில் நிறுத்த 8 குதிரைச் சக்தி போதும் என்று கண்டார்கள். ஒரு குதிரைச் சக்தி என்றால், 550 இராத்தல் எடையை ஒரு வினாடியில் ஓர் அடி உயரம் தூக்கும் வேலை. இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் சிறிய மோட்டார் சைக்கிளின் சக்தியும் ஏறத்தாழ இந்த 8 தான். மாக்சிம் 360 குதிரைச் சக்தியைக் கொண்டு செய்ய முடியாததை, இவர்கள் எட்டைக் கொண்டு செய்ய நினைத்தார்கள்!

1902 டிசம்பரில் அவர்கள் மோட்டார் செய்யும் நிறுவனங்கள் பலவற்றுக்குக் கடிதம் எழுதினார்கள். 'எட்டுக் குதிரைச் சக்திக்குக் குறையக் கூடாது. எல்லாப் பாகமும் சேர்த்து 200 இராத்தலுக்கு மேல் போகக் கூடாது. உங்களால் தர முடியுமா?' என்பதே அக்கடிதங்களின் கருத்து. பெரும்பாலோர் தங்களுக்கு வேலை அதிகம், தனியாக ஒரு மோட்டார் செய்துதர இயலாது என்று பதில் எழுதிவிட்டார்கள்.

ஒரு நிறுவனம் மட்டும் இனிப்பான பதில் எழுதியது. தங்களிடம் 8 குதிரைச் சக்தி என்று மதிப்பிடப்பட்ட மோட்டார் இருக்கிறது, எடை 135 இராத்தல்தான், வேண்டுமானால் விற்கிறோம் என்றது. கேட்டதைவிட 65 இராத்தல் குறைவு! வேறு யாராக இருந்தாலும் உடனே பணத்தை எடுத்து வைத்திருப்பார்கள். சகோதரர்கள் அப்படிச் செய்யவில்லை. அந்த மோட்டாரின் உள்ளளவுகளைப் பார்த்தார்கள். அதில் ஒரே ஒரு சிலிண்டர். அதன் குறுக்களவு 4 அங்குலம், பிஸ்டன் ஓடும் நீளம் 5 அங்குலம். 'இவ்வளவு சிறிய சிலிண்டரிலிருந்து 8 குதிரைச் சக்தி எப்படி வரும்? காகிதத்தில் எழுதிய சக்தி வேறு, தண்டைச் சுழற்றும் சக்தி வேறு' என்று ஐயம் கொண்டார்கள். உண்மையாகவே எட்டு வராவிட்டால் அந்த மோட்டார் தங்களுக்கு உதவாது என்று சொல்லி அதை விட்டுவிட்டார்கள். விலைச் சீட்டைப் பார்க்காமல் பொருளைப் பார்த்தவர்கள் அவர்கள்.

வாங்க முடியாது என்றான பிறகு ஒரு வழிதான் மிச்சம். தாங்களே செய்வது. அதற்கு முன் அவர்கள் செய்திருந்தது ஒரே ஒரு இஞ்சின். கடையிலுள்ள கடைசல் இயந்திரத்தையும் துளைபோடும் இயந்திரத்தையும் ஓட்டுவதற்காகச் செய்த ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின் அது. இப்போது நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 4 அங்குலக் குறுக்களவு, 4 அங்குல ஓட்டம் என்று திட்டமிட்டார்கள்.

அந்தத் திட்டத்தை இரும்பிலும் அலுமினியத்திலும் கொண்டுவந்தவர் யார்? அவர்தான் சார்லஸ் டெய்லர். 1868-இல் பிறந்த இவர், 1901-இல் ரைட் சகோதரர்களின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மணிக்கு 30 காசு கூலி; வாரத்திற்கு 18 டாலர். சகோதரர்கள் கிட்டி ஹாக்கில் இருந்தபோது கடையைக் காத்துவந்தவர் இவரே. முன்பு ஒரு மோட்டார் வண்டியின் இஞ்சினைப் பழுது பார்க்க முயன்றதைத் தவிர, அவருக்கும் இதில் அனுபவம் இல்லை. முறையான வரைபடமும் இருக்கவில்லை. மூவரும் பேசிப் பேசி, துண்டுக் காகிதத்தில் கோடு போடுவார்கள். டெய்லர் அந்தக் காகிதத்தைத் தம் வேலை மேசைக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு பாகத்தைச் செய்வார்.

இஞ்சினின் முதுகெலும்பு போன்றது கிராங்க் தண்டு. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது அதுதான். டெய்லர் அதை எப்படிச் செய்தார் என்பதைக் கேளுங்கள். ஒன்றரை அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட தடிப்பும், 31 அங்குல நீளமும் உடைய ஒரு கெட்டி எஃகுப் பாளத்தை எடுத்தார். அதன் மீது தண்டின் வடிவத்தை வரைந்தார். கோட்டை ஒட்டி நெடுகத் துளைகள் போட்டார். உளியும் சுத்தியலும் கொண்டு வேண்டாத எஃகைத் தட்டி எடுத்தார். பிறகு கடைசல் இயந்திரத்தில் ஏற்றி அளவுக்குக் கடைந்தார். தண்டு முடிந்தபோது அதன் எடை 19 இராத்தல். மற்றவை எல்லாம் தூளாகவும் துண்டாகவும் தரையில் கிடந்தன.

இஞ்சினின் உடற்கூட்டை இரும்பில் வார்த்தால் கனம் தாங்காது. எனவே சிறிது செம்பு கலந்த அலுமினியத்தில் அந்த ஊர் வார்ப்படப் பட்டறையிலேயே வார்க்கச் செய்தார்கள். அக்காலத்தில் இது புதுமை. மற்றப்படி அந்த இஞ்சின் மிகவும் எளிமையானது. கார்புரேட்டர் இல்லை, மேலே கட்டிய சிறு தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாகவே கீழே வடிந்து, சூடான தட்டின் மீது ஆவியாகிக் காற்றோடு கலந்தது. தண்ணீரை ஓட்ட பம்பு இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்க முறையான விசை இல்லை. பம்பு வைத்தால் பம்பின் கனம், விசை வைத்தால் விசையின் கனம் என்று எண்ணி, இல்லாமல் முடியும் என்று தோன்றியதை எல்லாம் விட்டுவிட்டார்கள்.

திட்டம் போடத் தொடங்கிய ஆறே வாரத்தில் இஞ்சின் சோதனைக்குத் தயாராயிற்று. 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி முதல் ஓட்டம். மறுநாளே பெட்ரோல் சொட்டித் தாங்கிகளில் இறங்க, ஓடிய தண்டு இறுகிக்கொண்டு, அலுமினியக் கூடு வெடித்துப் போயிற்று. மறு வார்ப்புக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். ஏப்ரல் 20-ஆம் தேதி புதிய கூடு வந்தது. மறுபடியும் பூட்டினார்கள், மறுபடியும் ஓட்டினார்கள். இம்முறை முதல் சில வினாடிகளில் 16 குதிரைச் சக்தி வந்தது. சூடேறியதும் ஒரு நிமிடத்திற்குள் 12-க்கு இறங்கி அதிலேயே நின்றது. எடை ஏறக்குறைய 180 இராத்தல். எட்டு வேண்டுமென்று தேடியவர்களுக்குப் பன்னிரண்டு கிடைத்தது! அந்த அளவுள்ள இஞ்சினிலிருந்து அதைப்போல் இரு மடங்கு எடுத்திருக்கலாம் என்பது அவர்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் அந்த நான்கு குதிரைச் சக்தி உபரியே அவர்களைக் காப்பாற்றியது. ஏனென்றால் விமானத்தைக் கட்டி முடித்தபோது ஆளோடு சேர்த்து எடை 600 அன்று, சுமார் 750 இராத்தலுக்கு ஏறிவிட்டது.

இஞ்சின் மட்டும் இருந்தால் விமானம் நகராது. அந்தச் சக்தியைக் காற்றைத் தள்ளும் விசையாக மாற்றச் சுழல்விசிறி வேண்டும். கப்பல் கட்டுபவர்களின் நூல்களில் வழி இருக்கும் என்று நம்பினார்கள், இல்லை. அண்ணனும் தம்பியும் மாதக்கணக்கில் வாதாடி, 'விசிறி என்பது சுழன்று செல்லும் ஓர் இறக்கையே' என்ற முடிவுக்கு வந்தார்கள். தங்கள் மரப்பெட்டிக் கணக்கை அதற்கும் பயன்படுத்தி, எட்டரை அடி நீளமுள்ள இரண்டு விசிறிகளை மரத்தில் செதுக்கினார்கள். இஞ்சினிலிருந்து விசிறிக்குச் சக்தியைக் கொண்டு சென்றது எது? சங்கிலியும் பற்சக்கரமும்தான். சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா! இஞ்சின் வேகமாகச் சுழல, பெரிய விசிறிகள் மெதுவாகச் சுழன்றன. ஒரு சங்கிலியை எட்டுப்போல் குறுக்கே மாற்றிப் போட்டதால் இரண்டு விசிறிகளும் எதிரெதிராகச் சுற்றின.

இஞ்சினைக் கீழ் இறக்கையின் வலப்புறத்தில் வைத்தார்கள். விமானம் விழுந்தால் அது ஓட்டுபவர் மேல் விழக்கூடாது என்பது அதற்குக் காரணம். ஓட்டுபவர் இடப்புறம் படுத்துக்கொள்வார். இஞ்சின் ஆளைவிடக் கனமாக இருந்ததால், அந்தப் பக்கத்து இறக்கையை 4 அங்குலம் நீட்டிவிட்டார்கள். இஞ்சினைத் தேர்ந்தெடுப்பது விமானம் முழுவதையும் எப்படி மாற்றுகிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அதே வேளையில் வாஷிங்டனில் இன்னொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. சாமுவேல் லாங்லி என்பவர் பெரும் விஞ்ஞானி. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர். 1896-இலேயே ஆளில்லாத நீராவி மாதிரி விமானத்தை அரை மைலுக்கு மேல் பறக்கவிட்டவர். அமெரிக்கப் போர்த்துறை அவருக்கு 50,000 டாலர் கொடுத்தது. அவருடைய உதவியாளர் சார்லஸ் மேன்லி உருவாக்கிய இஞ்சின், ஐந்து சிலிண்டர்கள் நட்சத்திரம்போல் சுற்றி அமைந்தது. தண்ணீர் முதலியவை சேர்த்து ஏறக்குறைய 200 இராத்தல் எடை. சக்தியோ 52 குதிரைச் சக்தி! ரைட் சகோதரர்களின் இஞ்சினைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அக்காலத்தில் அதற்கு நிகரான இஞ்சின் இல்லை என்றே சொல்லலாம்.

1903 அக்டோபர் 7-ஆம் தேதி, போட்டோமாக் ஆற்றில் நிறுத்திய படகுவீட்டின் கூரையிலிருந்து மேன்லி புறப்பட்டார். விமானம் நேரே ஆற்றில் விழுந்தது. டிசம்பர் 8-ஆம் தேதி மறுபடியும் முயன்றார்; அது உடைந்து மறுபடியும் ஆற்றில் விழுந்தது. மேன்லி இரண்டு முறையும் உயிர் பிழைத்தார். இஞ்சின் அருமையானது, ஆனால் அதைத் தாங்கும் உடலும், அதைக் காற்றில் கட்டுப்படுத்தும் பழக்கமும் அமையவில்லை.

கிட்டி ஹாக்கிலும் சோதனைகளுக்குக் குறைவில்லை. இஞ்சினின் குலுக்கலில் பற்சக்கரங்கள் மீண்டும் மீண்டும் தளர்ந்தன. எவ்வளவு முடுக்கியும் நிற்கவில்லை. கடைசியில் சைக்கிள் டயரை ஒட்டும் பசையைக் காய்ச்சி மரைகளில் ஊற்றினார்கள், நின்றுவிட்டது! விசிறியின் தண்டில் விரிசல் கண்டதும், ஓர்வில் டேட்டனுக்கு ரயிலேறிச் சென்று, கெட்டியான எஃகில் புதிய தண்டுகளைச் செய்துகொண்டு டிசம்பர் 11-இல் திரும்பினார்.

டிசம்பர் 17-ஆம் தேதி காலை, கடுங்குளிரில், எதிர்க்காற்றில், ஓர்வில் விமானத்தில் படுத்தார். 12 வினாடி, 120 அடி. அன்றே நான்காவது முறை வில்பர் ஓட்டியபோது 59 வினாடி, 852 அடி. ஆளை ஏற்றிக்கொண்டு, தன் சக்தியால், கட்டுப்பாட்டோடு விமானம் பறந்தது. மொத்தச் செலவு 1,000 டாலருக்கும் குறைவு. எட்டே ஆண்டுகளில், 1911 மார்ச்சில், நம் பக்கத்திலேயே சிங்கப்பூர் ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் ஜோசஃப் கிறிஸ்தியான்ஸ் என்ற பெல்ஜியர் ஈரடுக்கு இறக்கை விமானத்தில் பறந்து காட்டினார்.

நேயர்களே, அந்த இஞ்சினைச் செய்த சார்லஸ் டெய்லர் என்ன ஆனார்? சகோதரர்களின் பெயர் உலகெங்கும் பரவியது. டெய்லரின் பெயர் பட்டறைக்கு வெளியே வரவில்லை. பிற்காலத்தில் கலிபோர்னியாவில் நிலம் வாங்கிச் சேமிப்பை இழந்தார். ஹென்றி ஃபோர்டு பழைய ரைட் சைக்கிள் கடையைத் தம் அருங்காட்சியகத்தில் மீண்டும் அமைக்க விரும்பி 1937-இல் அவரைத் தேடியபோது, அவர் ஒரு விமானத் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாக இருந்தார். பக்கத்தில் வேலை செய்தவர்களுக்கும் அவர் யாரென்று தெரியாது. ஓர்வில் அவருக்கு ஆண்டுக்கு 800 டாலர் கிடைக்க ஏற்பாடு செய்தார். வயதான காலத்தில் விலைவாசி ஏற, அது போதவில்லை. 1955-இல் ஏழைகளுக்கான மருத்துவமனைப் பிரிவில் அவர் படுத்திருந்த செய்தி வெளியானதும், விமானத் துறையினர் பணம் திரட்டி வேறிடத்திற்கு மாற்றினார்கள். 1956 ஜனவரி 30-ஆம் தேதி, தம் 87-ஆம் வயதில் காலமானார். இன்று அமெரிக்காவில் அவர் பிறந்த மே 24-ஆம் நாளை விமானப் பழுதுபார்ப்பவர்களின் நாளாகப் போற்றுகிறார்கள். ஐம்பது ஆண்டு அனுபவம் பெற்ற விமானத் தொழிலாளர்களுக்கு அவர் பெயரால் விருதும் வழங்குகிறார்கள். மரியாதை வந்தது, சற்றுத் தாமதமாக வந்தது.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? ஆற்றில் விழுந்தது 52 குதிரைச் சக்தி. வானில் ஏறியது 12 குதிரைச் சக்தி. மிகுந்த சக்தியைத் தேடியவர்களைவிட, தமக்கு எவ்வளவு வேண்டும் என்று அளந்து தெரிந்துகொண்டவர்களே வென்றார்கள். ஒரு பொருளை வாங்கும்போதும், ஒரு தொழிலைத் தொடங்கும்போதும், பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானிக்கும்போதும் நாம் இதை எண்ணிப் பார்க்கலாம். 'எது பெரியது' என்று கேட்பதற்கு முன், 'நமக்கு எவ்வளவு வேண்டும்' என்று கேட்போம்.

இன்னொன்றும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவார்கள். பழைய வானொலியைத் திறந்து பார்ப்பார்கள். மோட்டார் சைக்கிளின் அருகிலேயே பொழுதைப் போக்குவார்கள். 'கையெல்லாம் கரி, படிப்பு வராது' என்று அவர்களை நாம் கடிந்துகொள்வதும் உண்டு. அந்தக் கைக்குக் கணக்கையும் சேர்த்துக் கற்றுக் கொடுப்போம். கணக்குப் படிக்கும் பிள்ளைக்குக் கைவேலையையும் காட்டுவோம். மரப்பெட்டியில் அளந்த கணக்கும், எஃகுப் பாளத்தைச் செதுக்கிய கையும் ஒன்று சேர்ந்தபோதுதான் மனிதன் பறந்தான். அந்தக் கைக்கு உரிய கூலியையும் பெயரையும், அது உழைத்துக்கொண்டிருக்கும்போதே கொடுக்கக் கற்றுக்கொள்வோம்.